கூட்டுக்குப் பொருத்தமான முட்டை

பெயிண்டர் விட்டுப்போன டப்பாவில் கொஞ்சம் மயில்கழுத்து நிறம் மிச்சமிருந்தது. பெண் காகம் அதைக் கூடு முழுக்கப் பூசியது. பிறகு அதற்குத் தோதான நிறங்களைத் தேட ஆரம்பித்தது. கறுத்த சுள்ளிகள் வெளியே போயின, தென்னை நார் உள்ளே வந்தது. ஆண் காகம் ஆசையாகக் கொண்டுவந்த ரோஜா நிற ரிப்பன் தெருவுக்குப் போனது.

கடைசியில் அதன் கண் தன் முட்டைகள் மேல் விழுந்தது.

“வெளிர் நீலமா இருக்கே. கூட்டோட ஒட்டலையே.”

பக்கத்துக் கிளையிலிருந்து குயில் எட்டிப் பார்த்தது. “ஆமாக்கா, சாயம் போன மாதிரி தெரியுது. இதுக்குச் சாம்பல் கலந்த பச்சைதான் எடுப்பா இருக்கும். என்கிட்ட ஒண்ணு இருக்கு. வேணும்னா வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்த காகம் சொக்கிப்போனது. நீல முட்டைகளை ஓரத்துக்குத் தள்ளியது. அவை ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து உடைந்தன.

“அடியே, அது நம்ம முட்டைடி” என்று ஆண் காகம் பதறியது.

“உங்களுக்கு ரசனையே கிடையாது.”

சில நாளில் குஞ்சு பொரிந்தது. அது வாயைத் திறந்ததுமே, “இது நம்ம குஞ்சே இல்ல” என்றது ஆண் காகம்.

பெண் காகம் தலையைச் சாய்த்துக் குஞ்சையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தது.

“அதனால என்ன? கறுப்பு எல்லா நிறத்துக்கும் ஒத்துப்போகும்.”