தூக்கிடலாம்

"திரும்பிப் பார்க்காதீங்க. அந்த ரெண்டு பேரும் இன்னும் நம்ம பின்னாடியேதான் வர்றாங்க."

மனைவி கிசுகிசுத்ததும் கடிகாரக்காரர் செய்த முதல் வேலை, திரும்பிப் பார்த்ததுதான். செய்யாதே என்றால் செய்கிற மனுஷன்.

பத்துப் படிகளுக்குக் கீழே, பனிமூட்டத்தில் இரண்டு தடியர்கள். ஒருவன் தோளில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மூங்கில் கழி. இன்னொருவன் இடுப்பில் கயிறு சுற்றியிருந்தான்.

"கோயிலுக்குத்தான் போவாங்கடி."

"கும்பிடப் போறவனுக்குக் கயிறு எதுக்கு?"

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார். முட்டிவலி வேறு உயிரை வாங்கியது.

பயப்படக் காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன், அவருடைய கடிகாரக் கடை வாசலில் ஒரு பெரிய இடத்துப் பையன் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியின் மேல் காரை ஏற்றிவிட்டு, நிற்காமல் போனான். பார்த்தவர்கள் பத்துப் பேர். வாயைத் திறந்தவர் இவர் ஒருவர்தான். அதிலும் 'மணி நாலு பன்னிரண்டு' என்று நிமிஷம் தவறாமல் எழுதிக் கொடுத்திருந்தார். நாளை மறுநாள் கோர்ட். போன வாரம் கடைக்கு ஒரு போன் வந்தது: "சாட்சி சொல்ல வந்தே, ஆளைத் தூக்கிடுவோம்." அன்றைக்கே மனைவி இந்த மலைக்கு வேண்டிக்கொண்டாள்.

"என்ன சார், நின்னுட்டீங்க?" நாலு படி முன்னால் போன தொப்பிக்காரர் கேட்டார். அடிவாரத்தில் பழக்கமானவர். மனைவியின் பையைக்கூட வலிய வாங்கிச் சுமந்துகொண்டு வந்தார். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

"மூச்சு வாங்குதுங்க." கடிகாரக்காரர் படியில் உட்கார்ந்தார். அப்போதுதான் பனிக்குள்ளிருந்து பேச்சு கேட்டது.

"இந்த ஆளைத் தூக்கிடலாம்ணே."

"அவசரப்படாதே. இன்னும் அம்பது படி போகட்டும். முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாரு பாரு, அங்க வெச்சுத் தூக்கிடலாம்."

"கனத்த உடம்பா இருக்கே. நம்ம ரெண்டு பேர் போதுமா?"

"வளைவுல நம்மாளுங்க ரெண்டு பேர் நிக்கிறாங்கல்ல?"

"வேணாம்னு சத்தம் போட்டா?"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் கத்துவாங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு மேல போய்ச் சேர்ந்துடுவாங்க."

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "சாட்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம். நான் எதையும் பார்க்கலைன்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க!"

"பார்த்தேனேடி." என்றார் கடிகாரக்காரர். "அந்தப் பொண்ணோட ஒத்தைச் செருப்பு நம்ம கடைப் படியில வந்து விழுந்துச்சே."

தொப்பிக்காரர் இறங்கி வந்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். "படியில போனா வளைவுல மாட்டிக்குவீங்க சார். இந்தப் பாறை இடுக்கு வழியா ஒரு குறுக்குப் பாதை இருக்கு. சத்தம் போடாம என் பின்னாடி வாங்க."

கடவுளே அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். படியை விட்டு இறங்கி, ஈரப் பாறைகளைப் பற்றிக்கொண்டு நடந்தார்கள். காலடியில் கல் உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்ங்க?"

"அதோ, அந்தப் பாறை வரைக்கும்தான்."

பின்னாலிருந்து குரல் வந்தது. "அய்யா! நில்லுங்கய்யா!"

"ஓடுங்க சார், திரும்பிப் பார்க்காதீங்க!" என்றார் தொப்பிக்காரர்.

கடிகாரக்காரர் ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் ஓடினார். முட்டி மடங்கியது. கால் வழுக்கியது. ஒரு முரட்டுக் கை அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. மூங்கில்காரன்!

கண்ணை இறுக மூடிக்கொண்டார். "என்னைத் தூக்கிக்கோப்பா. அவளை மட்டும் விட்டுடு."

"அம்மாவை எதுக்குங்க தூக்கணும்? அவங்க நல்லாத்தானே நடக்கிறாங்க?" அவன் விழித்தான். "நாங்க டோலி தூக்குறவங்க, ஏற முடியாதவங்களை நாற்காலியில உக்கார வெச்சு மேல கொண்டுபோவோம். கழி ஒடிஞ்சுபோய் நாற்காலி மேல வளைவுல கிடக்கு. புதுக் கழியும் கயிறும் கொண்டுபோறோம். நீங்க முட்டியைப் பிடிச்சுக்கிட்டே ஏறினீங்க, சரி, கேட்டுப் பார்ப்போம்னு வந்தா இப்படி ஓடுறீங்களே!"

மனைவி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். கடிகாரக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அது சரி, இந்தப் பக்கம் எதுக்குங்க வந்தீங்க?" என்றான் கயிற்றுக்காரன். "அந்தப் பாறையைத் தாண்டினா பாதை ஏது? வெறும் பள்ளம்தான்."

"பாதை இருக்குன்னு அவர்தானே..." கடிகாரக்காரர் கை நீட்டினார். பாறை மேல் மனைவியின் பை மட்டும் கிடந்தது.

பனிக்குள் தடதடவென்று இறங்கிக்கொண்டே, தொப்பிக்காரர் போனில் சொன்னார்: "இன்னிக்கு ஆளைத் தூக்க முடியலண்ணே. தூக்குறவங்க வந்துட்டாங்க."