பன்னிரண்டு மேஜைப் பூக்கள்

"என்னங்க, சீக்கிரம் வாங்க! அந்தப் பூக்கடைக்காரம்மா நம்ம பூவையெல்லாம் பிய்ச்சுக் கலைச்சிட்டு இருக்காங்க!"

மூத்தவள் போட்ட கூச்சலில், தூக்கி வந்த நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார் அவள் கணவர்.

மண்டபத்தில் பன்னிரண்டு மேஜைகள். மேஜைக்கு ஒரு கண்ணாடிக் குவளை. தங்கை கல்யாண விருந்துக்குப் பூ அலங்காரம் மொத்தமும் வீட்டிலேயே செய்தது. மூன்று நாள், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, விரலெல்லாம் முள் குத்தி, ஒன்பது குவளைகளை மூத்தவளே செய்திருந்தாள். நடுவில் ரோஜா, சுற்றிலும் செவ்வந்தி. ஒரு தண்டு கூட ஏறாமல் இறங்காமல் ஸ்கேல் வைத்து வெட்டியது.

இப்போது எட்டு அலங்கோலமாகிவிட்டன. ஒன்பதாவதில் பூக்கடைக்காரம்மாவின் கை இருந்தது.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"ரொம்ப விறைப்பா நிக்குதும்மா. கொஞ்சம் தளர்த்தி விடறேன்." திரும்பிக் கூடப் பார்க்காமல் ஒரு ரோஜாவை உருவினார் அவர்.

"உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை."

இந்தப் பதிலுக்கு மேலே என்ன சண்டை போடுவது? மூத்தவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? அலங்காரத்தை நானே பண்ணித் தரேன்னாங்க. வேண்டாம், பூ மட்டும் குடுங்க, நாங்களே பண்ணிக்கறோம்னேன். அந்த வயித்தெரிச்சல்! அன்னைக்கே, பூ குத்தற ஸ்பாஞ்சைத் தண்ணிக்குள்ள அமுக்காதே, தானா ஊறட்டும்னு எனக்குப் பாடம் எடுத்தாங்க. விருந்துக்குக் கூப்பிட்டது என் தப்பு."

"மெதுவா பேசு. வந்ததும் வராததுமா உங்கம்மா ரூமுக்குப் போயி பத்து நிமிஷம் பேசிட்டுத்தானே வந்தாங்க? நல்ல மனுஷின்னு நெனைச்சேன்."

"அம்மா வெளியில வந்தாங்களா?"

"எங்க வந்தாங்க? பூக்கடைக்காரம்மா போனப்புறம் கதவையே திறக்கலை."

மூத்தவளுக்குக் கோபம் இறங்கி, வேறொரு கவலை ஏறிக்கொண்டது.

மீதி மூன்று குவளைகள் அம்மா செய்தவை. ஆறு மாதம் முன்பு உடம்புக்கு வந்ததில் அம்மாவின் வலது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. விரலுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதும், "என் பொண்ணு கல்யாணத்துக்கு நானும் மூணு பண்ணுவேன்" என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளில் மூன்று. மூன்றும் இடது பக்கமாகச் சாய்ந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்கி விழுகிறவர் மாதிரி இருந்தன. இருந்தால் என்ன, அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் மண்டபத்துக்கு வந்து, மகள் செய்ததற்குப் பக்கத்தில் அவற்றை வைத்துப் பார்க்கும்வரை.

"தூக்கிப் போட்டுடு. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"நான் கொஞ்சம் சரி பண்ணிடறேன்மா."

"நீ சரி பண்ணினா அது என்னோடது இல்லையே!"

வேறு வழி தெரியாமல், யார் கண்ணிலும் படாதபடி தூணுக்குப் பின்னால் இருந்த மூன்று மேஜைகளில் அவற்றை வைத்தாள் மூத்தவள். அதையும் அம்மா பார்த்துவிட்டார். போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். "என் கையையும் காலையும் வெச்சுக்கிட்டுக் கூட்டத்துல எனக்கென்ன வேலை? போட்டோ எடுக்கறப்ப கூப்பிடு, போதும்."

பெற்ற மகள் கல்யாணத்தில் ஒளிந்து உட்கார்ந்திருக்கிற அம்மா! இதில் இருக்கிற நல்ல பூவையும் ஒருத்தி கலைத்து வைத்தால்?

"ஒன்பதையும் திரும்பப் பண்ணப் போறேன். கத்தரிக்கோல் எங்க?" என்றாள்.

"மாப்பிள்ளை வீட்டு வேன் வாசல்ல நிக்குது. பூவைப் பாப்பியா, வர்றவங்களைப் பாப்பியா?"

பூக்கடைக்காரம்மா குவளைகளை மேஜைக்கு மேஜை இடம் மாற்றி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மூத்தவள் அவரை முறைத்த முறைப்பில் செவ்வந்தி வாடியிருக்க வேண்டும்.

அதற்குள் உள்ளே கல்யாணப் பெண் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ வந்தாத்தான் நான் மேடைக்குப் போவேன். இல்லைன்னா உன் பக்கத்துல இப்படியே உக்காந்துடுவேன். புடவை கசங்கினா நீதான் பொறுப்பு."

கதவு திறந்தது. சின்னவள் அம்மாவின் வலது கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அம்மா தலையைத் தூக்கவில்லை. நேராகத் தூணுக்குப் பின்னால்தான் போனார், தன் பூவை எடுத்துக் கீழே வைத்துவிடலாம் என்று.

போனவர் அங்கேயே நின்றார். அந்த மேஜைப் பூவை உற்றுப் பார்த்தார். அடுத்த மேஜைக்குப் போனார். அப்புறம் நடு மேஜை, மேடைக்கு எதிர் மேஜை. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வருவதைக் கூடக் கவனிக்காமல், சின்னவள் கையை விட்டுவிட்டுத் தானாக ஒரு சுற்று சுற்றி வந்தார்.

மூத்தவள் பதறிக்கொண்டு ஓடினாள். "அம்மா, அது வந்து... அந்தப் பூக்கடைக்காரம்மாதான்..."

அம்மா நிமிர்ந்தார். ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது.

"ஏண்டி பெரியவளே, எல்லாம் இடது பக்கமே சாஞ்சிருக்கே. இதுல நான் செஞ்ச மூணு எதுடி?"

மூத்தவள் பன்னிரண்டு மேஜைகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.