நாலாவது பக்கம்

பையின் ஒரு பக்கம் நான் பின்னியது. இன்னொரு பக்கம் வாலு பின்னியது. இரண்டையும் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சேரவில்லை.

எப்படிச் சேரும்? துனீசியன் குரோஷா என்கிற இந்தக் கம்பளிப் பின்னலில் வரிசை முழுக்கக் கண்ணிகளை நீளமான கொக்கி ஊசியில் ஏற்றிக்கொண்டே போகவேண்டும். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். ஓரத்துக் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டால் துணி குறுகிக்கொண்டே போகும். வாலு விட்டுவிட்டுத்தான் பின்னியிருந்தாள். எட்டு வயசு, எதிலும் அவசரம்.

பிரித்துத் திரும்பப் போட எனக்கு மனசு வரவில்லை. அவள் விரல் பட்ட நூல் அது.

கூடத்தில் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாலுவைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள். இனி அவளுக்குப் பள்ளிக்கூடம், வீடு எல்லாம் அவர்கள் ஊரில்தான். பேசி முடித்தாயிற்று. நானும் தலையாட்டியாயிற்று. ஆட்டின தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

அவள் தவழ்ந்தது, நடந்தது, முதல் பல் விழுந்தது எல்லாம் இந்த வீட்டில்.

பை இல்லாமல் கிளம்பமாட்டேன் என்று அவள் அடம் பிடித்ததால்தான் கார் இன்னும் வாசலில் நிற்கிறது. பை முடிந்தால் போய்விடுவாள். மெதுவாகத் தைக்கத்தான் நினைத்தேன். இந்தப் பாழாய்ப்போன கைக்கு மெதுவாகச் செய்யத் தெரியாது.

ஈரத்துணி போட்டு இஸ்திரி பண்ணினேன். சுருண்ட ஓரங்கள் படிந்தன. அவளுடைய குறுகலை இழுத்து இழுத்து என்னுடையதோடு சேர்த்துக் குண்டூசி குத்தினேன். பெரிய ஊசியில் கம்பளி நூல் கோத்துத் தைக்க ஆரம்பித்தவள், நூல் தீரும்வரை நிமிரவே இல்லை.

தங்கை உள்ளே வந்தாள். பையை எடுத்தாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"அக்கா, இதுக்கு வாய் எங்க?"

மூன்று பக்கத்தோடு நிறுத்தவேண்டியவள் நாலாவது பக்கத்தையும் தைத்துவிட்டிருக்கிறேன். இந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தவள் நான். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது.

தங்கை அதிகாரமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருப்பேன். கத்தரிக்கோலை என் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போனாள்.

நானே வெட்டிப் பிரித்தேன். இரண்டு மூலையிலும் தோள்வாரை வைத்து இறுக்கினேன். அதற்குமேல் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை.

வாலு பையை மாட்டிக்கொண்டு, என் கன்னத்தில் ஒரு முத்தத்தை வைத்துவிட்டு ஓடினாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலுக்குப் போனால் அவளை விடமாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

"அம்மா" என்று கூப்பிட்டாள்.

கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

காரின் முன்சீட்டிலிருந்து என் தங்கை பின்னால் திரும்பி, அவளுக்கு "என்னடா கண்ணு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெற்றவளை அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்று ஒரு மாதமாக வாலுவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.