மெரூன் ஒட்டு

பிலால் கல்மண்டபத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். பெருநாள் லீவில் வெளியே தங்க வேண்டும் என்று மகள் இஷ்ரத் கேட்டதால், மிச்சமிருந்த நீலத் தார்ப்பாயில் ஒரு கூடாரம் தைத்தார். வாசலருகே இருந்த கிழிசலுக்கு அவளுடைய பழைய யூனிஃபார்மிலிருந்து மெரூன் துண்டு ஒன்றை முக்கோணமாக வெட்டி வைத்தார். தைத்து முடிக்கும்வரை இஷ்ரத் அதை மருதாணி விரல்களால் பிடித்துக்கொண்டாள்.

மனைவி அஜீசா போனில் இடம் தேடினாள். பழவேற்காட்டில், பறவைகள் சரணாலயத்துப் பக்கம் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று ஏரிக்கரை. இன்னொன்று பழைய டச்சுக் கல்லறையை ஒட்டிய தோப்பு.

தோப்பின் படத்தில் ஒரு நீலக் கூடாரம் நின்றது. வாசலருகே மெரூன் முக்கோணம். படம் போட்டு ஆறு வருடமாகியிருந்தது.

"இன்னாங்க இது? யாரு கூட போயிருந்தீங்க?"

"அல்லா மேல ஆணையா போவல. இத்த இப்பத்தான தச்சேன், நீயும் பாத்துகினுதான இருந்தே."

"அப்போ எவளுக்கோ இதே மாதிரி ஒண்ணு தச்சுக் குடுத்துகிறீங்க."

பிலாலுக்குக் கோபம் வந்துவிட்டது. கத்தரியை எடுத்து மெரூன் துண்டைப் பிரித்து எறிந்தார். "இப்போ சரியா? ஏரிக்கரைக்கே போலாம்."

ஏரிக்கரையைப் புக் செய்யும் முன் அஜீசா தோப்பின் படத்தை மறுபடி திறந்தாள். முக்கோணம் இல்லை. அது இருந்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன. கிழிசல் விரியாதபடி, உள்ளேயிருந்து இரண்டு சின்ன மருதாணி விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.