சுருள் களைபிடுங்கி

அன்று காப்புரிமை அலுவலகப் பரணில் இருந்தவை மூன்று: முட்டையடிப்பான், கிழங்குதோண்டி, களைபிடுங்கி. மூன்றும் பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கும் கம்பியைப் போலச் சுருண்டவை. மாதிரிக்காகச் செய்து ஒப்படைக்கப்பட்டவை. வேலைக்குப் போனதே இல்லை.

"இருபது வருஷம் என்னை மாதிரி வேற யாரும் செய்யக்கூடாதுன்னு உத்தரவு," என்றது களைபிடுங்கி.

"செய்யணும்னு யார் தம்பி வரிசையில நின்னாங்க?" என்றது கிழங்குதோண்டி.

"நேத்தோட கெடு முடிஞ்சிருச்சுண்ணே. இனி யாராவது தேடி வருவாங்க. மண்ணுல இறங்கி ஒரே ஒரு களையாவது பிடுங்கிடணும்."

"எனக்கு முட்டை எப்படி இருக்கும்னே தெரியாது," என்றது முட்டையடிப்பான்.

மதியம் காவலாளி வந்து களைபிடுங்கியை எடுத்தார். "வயலுக்குத்தான்," என்று மற்ற இரண்டிடமும் சொல்லிக்கொண்டு அது போனது. அவர் நேரே கழுவுதொட்டிக்குப் போய், அடைத்திருந்த குழாயில் அதை விட்டுத் திருகினார். கந்தல் துணி வந்தது. கூடவே கைப்பிடியும் கழன்றது. சுருளை ஜன்னல் வழியே வீசிவிட்டார்.

விழுந்த இடம் ஈர மண். நுனி குத்தி நேராக நின்றது. திருக ஒரு கை வந்தால் போதும் என்று காத்திருந்தது. மழைக்காலம் வந்து போயிற்று. துருவேறிய சுருளுக்குள்ளேயே நுழைந்து களைகள் வளர்ந்தன. பிடுங்க ஆளில்லாமல் அதற்குள் நின்ற களைகள் ஏழு.