கூரை போக மிச்சம்

"அந்தப் பணத்தை நீ வச்சுக்கிட்டா, நான் ஆத்துக்குத் துணி துவைக்கப் போக முடியாதுய்யா. முகத்துக்கு நேரா கேப்பாளுங்க."

சீமைப்பலாவைத் தணலில் புரட்டிக்கொண்டே சொன்னாள் கிளோடில்.

"என்னத்தைக் கேப்பாளுங்க? திருடினேனா?" என்றான் அவள் புருஷன் அன்செல்ம். "இன்சூரன்ஸ்காரன் கணக்குப் போட்டான், கொடுத்தான். மிஞ்சினா உனக்குத்தான்னு அவனே சொல்லிட்டுப் போயிட்டான்."

"அவன் போட்ட கணக்குல ஆசாரிக் கூலி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"நீ கூலி கொடுத்தியா?"

அன்செல்ம் புதுக் கூரையை ஏறிட்டுப் பார்த்தான்.

புயல் ஊரிலிருந்த கூரைகளை எல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. இன்சூரன்ஸ் இருந்தது இவர்கள் வீட்டுக்கு மட்டும்தான். வீட்டுக் கடன் கொடுத்த சங்கம் கட்டாயப்படுத்திப் போட வைத்தது. பணம் வர இழுத்தடித்ததால் தகரமும் மரமும் கடையில் கடனுக்கு எடுத்தான். கூரையை ஏற்றியது ஊர் ஆட்கள். டொமினிக்காத் தீவின் மலையூர்களில் இதற்குக் கூட்மே என்று பேர். கூலி கிடையாது. வயிறாரச் சாப்பாடு, ரம். இன்று உன் வீடு, நாளை என் வீடு.

பிறகு பணம் வந்தது. கடைக் கடனை அடைத்த பிறகும் ஏறக்குறைய பாதி மிஞ்சியது.

"வாழை மொத்தமும் சாஞ்சு கிடக்குடி. புதுக் கன்னு வைக்கணும். தார் வெட்டுற வரைக்கும் எதைத் தின்போம்? இதுவும் போனா நான் அடுத்தவன் தோட்டத்துல கூலிக்குத்தான் போகணும்."

"போ. ஊரான் வேர்வையைத் தின்னுட்டு உக்காந்திருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்."

அவன் இறங்கி வந்தான். "சரி, வீடு வீடாப் போய் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துடறேன்."

"எதுக்கு ஒளிச்சு ஒளிச்சு? அவனுக்கு அதிகம், எனக்குக் குறைச்சல்னு பேச்சு வரும். சாயங்காலம் மா ஜோசெத் ரம் கடையில எல்லாரும் இருப்பாங்க. நடு மேஜையில வை."

ரம் கடையில் டொமினோக் கட்டைகள் படபடவென்று விழுந்துகொண்டிருந்தன. அன்செல்ம் பணக்கட்டை அவற்றுக்கு நடுவில் வைத்தான்.

"கூரை ஏத்தினதுக்கு... நீங்களே பிரிச்சுக்குங்க."

ஆட்டம் நின்றது. ஆசாரி பாப்டிஸ்ட் பணக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக்கு இன்னும் நீலத் தார்ப்பாய்தான் கூரை. பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்தான்.

"என்னடா இது? கூலியா?"

"பணம் வந்துச்சு அண்ணே, அதான்..."

"உங்கப்பனுக்குச் சவப்பெட்டி அடிச்சேனே, அதுக்கும் சேர்த்துக் கொடுக்கிறியா?"

"முதலாளி வந்திருக்காரு, தொப்பியைக் கழட்டுங்கப்பா!" என்று மூலையிலிருந்து ஒருவன் கத்தினான். கடையே சிரித்தது.

"எடுத்துட்டுப் போடா," என்றான் பாப்டிஸ்ட். "எல்லாருக்கும் ஒரு கிளாஸ் ஊத்தச் சொல்லு, போதும். கூட்மேக்கு இனிமே காசைக் காட்டினே, கையை ஒடிச்சிருவேன்."

அன்செல்ம் வீட்டுக்கு வந்து பணக்கட்டைக் கிளோடில் மடியில் எறிந்தான்.

"உன் பேச்சைக் கேட்டுப் போனேன் பாரு! நாயை விரட்டுற மாதிரி விரட்டிட்டானுங்க. ஒருத்தன் தொடலை."

"பாப்டிஸ்ட்டுமா?"

"அவன்தான் முதல்ல குதிச்சான்."

கிளோடில் பணக்கட்டை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"நீ சொன்ன மாதிரி வீடு வீடாப் போயிருந்தா, ஒருத்தன் விடாம வாங்கியிருப்பான்," என்றாள். "தோட்டத்துல குழி வெட்ட ஆரம்பி. திங்கக்கிழமை கன்னு வந்து இறங்குது, இதுல இருந்து நேத்தே முன்பணம் கொடுத்துட்டேன்."