ஆறாவது துளை

ஒரு குளிர்காலம் முழுக்கத் துருவைச் சுரண்டி, எண்ணெய் பூசி, டெல்பர்ட் சரிசெய்த பழைய பாயின்ட் டூ டூ துப்பாக்கி அது. ஓஹையோவில் எங்கள் துப்பாக்கி சுடும் மன்றப் போட்டியில் ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள்தான். அவருடைய இலக்கு அட்டையில் ஆறு துளைகள் இருந்தன.

“அஞ்சு வரைக்கும் எண்ண மறந்துட்டியா டெல்பர்ட்? நீ வெளிய போ” என்றார் நடுவர் வெர்னா.

“முப்பது வருஷமா இங்க சுடுறேன், நானா ஏமாத்துக்காரன்? நீயே எண்ணிக் குடு!”

வெர்னா புது அட்டை மாட்டி, அவர் படுத்துச் சுடும் விரிப்பை உதறிவிட்டு, ஐந்து தோட்டாக்களை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து வெடிச்சத்தம் கேட்டோம். அட்டையில் மறுபடியும் ஆறு துளைகள்.

“இப்பச் சொல்லு!” டெல்பர்ட் கத்தினார்.

வெர்னா விரிப்பில் விழுந்த காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கினார். ஐந்து பளபளத்தன. ஆறாவதில் பல வருடம் மண்ணில் கிடந்ததுபோல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஆறுமே சூடாக இருந்தன.